பயனில்லை என்பதை யார் சொல்வது?

2021 ஏப்ரல், மே மாதங்களில் கைபேசி வைத்திருந்த யாரும் அந்தச் செய்திகளை மறந்திருக்க மாட்டார்கள். 'அவசரம், ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை, நோயாளி ஐசியுவில்' என்று வாட்ஸ்அப்பில் வரும். கூடவே ஒரு மருத்துவமனையின் பெயரும் தொடர்பு எண்ணும். கொரோனாவிலிருந்து மீண்டவர்களைத் தேடிப்பிடித்துக் கெஞ்சினார்கள். முன்பின் தெரியாதவருக்காக ஊர்விட்டு ஊர் போய்ப் பிளாஸ்மா கொடுத்தவர்கள் உண்டு. அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் அப்படி ஓடுவதற்கு ஆறு மாதம் முன்பே, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிக்கு இந்தச் சிகிச்சை கைகொடுக்கவில்லை என்ற முடிவு அச்சில் வந்துவிட்டது. அதைக் கண்டறிந்தது நம் நாட்டு மருத்துவமனைகள்தான்.

பிளாஸ்மா யோசனையில் பழுதில்லை. மீண்டவரின் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருக்கும். நோயாளியின் உடல் சொந்தமாக அவற்றைத் தயாரிக்கும்வரை கடனாகக் கொடுக்கலாம் என்பதே கணக்கு. 1890களில் எமில் ஃபான் பெரிங் டிப்தீரியாவுக்குச் சீரம் கொண்டுவந்தது இந்த வழியில்தான். அர்ஜென்டினாவில் பரவிய ரத்தக்கசிவுக் காய்ச்சலில் பிளாஸ்மா உயிர் காத்ததை 1979இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே 2020இல் இதைக் கையில் எடுத்த மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. பிளாஸ்மா ஏற்றிக்கொண்ட ஒருவர் பிழைத்துவிட்டார். பிளாஸ்மாவால் பிழைத்தாரா, இல்லாமலும் பிழைத்திருப்பாரா? அவரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஒரே மாதிரி நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிளாஸ்மாவோடும் மறுபாதிக்கு அது இல்லாமலும் வைத்தியம் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அதைத்தான் செய்தது. முதல் அலையின் நெருக்கடிக்கு நடுவே, 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் 'பிளாசிட்' ஆய்வு நடந்தது. 28 நாட்களில் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம். பெறாதவர்களில் 18 சதவீதம். முடிவு அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்க வேண்டிய சாதனை இது.

எதிர்வாதமும் வந்தது, நியாயமான எதிர்வாதம். ஏற்றிய பிளாஸ்மாவில் போதிய ஆன்டிபாடி இருந்ததா என்று முன்கூட்டியே பார்க்கவில்லையே என்றார்கள். பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு அதற்குப் பதில் தந்தது. ஆன்டிபாடி மிகுந்த பிளாஸ்மாவையே எடுத்துக்கொண்டு, 11,558 நோயாளிகளிடம் பார்த்தார்கள். இரு பக்கமும் இறப்பு 24 சதவீதம். 2021 ஜனவரியிலேயே அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். அர்ஜென்டினாவில் 160 முதியவர்களிடம் நடந்த சிறிய ஆய்வு மட்டும் நம்பிக்கை தந்தது. ஆனால் அது அறிகுறி தொடங்கிய மூன்று நாட்களுக்குள், நோய் லேசாக இருக்கும்போதே கொடுத்துப் பார்த்த ஆய்வு. நம் ஊரிலோ மூச்சுத்திணறி ஐசியுவுக்குப் போனபிறகுதான் பிளாஸ்மா தேடினார்கள்.

எண்களை மக்களிடம் எடுத்துச் சொல்வதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் நடந்தது. 2020 ஆகஸ்ட் 23 அன்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைவர் ஸ்டீபன் ஹான், நோயுற்ற நூறு பேரில் 35 பேரைப் பிளாஸ்மா காப்பாற்றியிருக்கும் என்ற பொருளில் பேசினார். அவர் கையில் இருந்தது, ஆன்டிபாடி அதிகமுள்ள பிளாஸ்மா பெற்றவர்களையும் குறைவாக உள்ளதைப் பெற்றவர்களையும் ஒப்பிட்ட கணக்கு. பிளாஸ்மாவே பெறாதவர்கள் அதில் இல்லை. அந்த 35 சதவீதமும் ஒரு விகிதம்தான். தலைகளை எண்ணினால் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர் வித்தியாசம். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததும் மறுநாளே, விமர்சனம் முற்றிலும் சரி என்று ஹான் ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்குள் 35 என்ற எண் உலகம் சுற்றிவிட்டது.

நம் நாட்டில் நடந்தது வேறு வகை. 2020 நவம்பர் 17 அன்று, பிளாஸ்மாவை வகைதொகையில்லாமல் கொடுக்காதீர்கள் என்று ஐசிஎம்ஆர் அறிவுரை வெளியிட்டது. அதே சமயம் தேசியச் சிகிச்சை வழிகாட்டியில், சில நிபந்தனைகளுடன், பிளாஸ்மா நீடித்தது. இரண்டாம் அலையில் கைபிசைந்து நின்ற மருத்துவர், 'முடிந்தால் ஏற்பாடு செய்யுங்கள்' என்றார். நோயாளியின் மகன் காதில் அது, 'கொண்டுவந்தால் அப்பா பிழைப்பார்' என்றே விழுந்தது. நிபந்தனைகள் யார் காதிலும் விழவில்லை. ஆய்வைச் செய்த நாடே அதன் முடிவைத் தன் மக்களுக்கு அவர்கள் மொழியில், பிளாஸ்மா வங்கித் திறப்பு விழாக்களுக்குக் கிடைத்த அதே வெளிச்சத்தில், உரக்கச் சொல்லாமல் விட்டது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். நம்பிக்கையைப் பறிக்கிறோமே என்ற தயக்கம் புரிகிறது. ஆனாலும் பொய்யான நம்பிக்கைக்கு அந்தக் குடும்பங்கள் தூக்கத்தையும் காசையும், நோயாளியின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய கடைசி மணி நேரங்களையும் கொடுத்தன.

2021 மே மாதம், வேலூர் சிஎம்சியின் ககன்தீப் காங் உள்ளிட்ட மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதினார்கள். மே 17 அன்று வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துத் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. இங்கே இரண்டாம் அலையின் உச்சம் அதுதான்.

நீக்கியதோடு வேலை முடியவில்லை. எங்கெங்கோ அலைந்தும் பிளாஸ்மா கிடைக்காமல், தன் மனிதரைப் பறிகொடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு யூனிட் கிடைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று மனதுக்குள் குமைகிறார்கள். அரசும் மருத்துவர்களும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: பிளாஸ்மா கிடைக்காததால் அவர் போகவில்லை. நீங்கள் செய்யத் தவறியது எதுவும் இல்லை.