பணிப்பட்டையில் தமிழுக்கு ஓர் இடம்

சென்னையின் தென்புறத்தே, பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி வளர்ந்த கணினித்துறை ஊர்களுள் சிறுசேரியும் ஒன்று. அங்குள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணியாற்றும் மென்பொருள் வல்லுநரும், அரசு வழங்கிய மடிக்கணினியில் பயிலும் பள்ளி மாணவரும் கணினியை இயக்கியவுடன் ஒரே வகையான காட்சியைக் காண்கின்றனர். திரையின் விளிம்பில் மெல்லிய பட்டை ஒன்று நீள்கிறது. நேரம், மின்கலத்தின் இருப்பு, இணையத் தொடர்பு, ஒலியளவு ஆகியவற்றை உணர்த்தும் பணிக்குறிகளும் சில பொத்தான்களும் அதில் அமைந்துள்ளன. அப்பட்டையில் எவற்றை வைப்பது, எவற்றை விலக்குவது என்னும் வினா, கணினி உலகில் நெடுநாள் விவாதத்திற்கு உரியதாக இருந்து வருகிறது.

இயல்பிருப்பின் வலிமை

பயனர் எதனையும் மாற்றாத நிலையில் கணினி தானே கொண்டிருக்கும் அமைப்பு ‘இயல்பிருப்பு’ எனப்படும். அதனை மாற்றும் உரிமை பயனருக்கு உண்டு. ஆயினும், அமைப்புகளைத் தேடிச் சென்று மாற்றுவோர் சிலரே. ஏனையோர் கண்முன் உள்ளதையே கொண்டு பணியாற்றுகின்றனர். எனவே, மென்பொருளை வடிவமைப்போர் எடுக்கும் சிறு முடிவும் எண்ணற்றோரின் அன்றாடப் பழக்கமாகிவிடுகிறது.

இரு தரப்பு வாதங்கள்

1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95, தொடக்கப் பொத்தானையும் பணிப்பட்டையையும் பரவலாக அறிமுகம் செய்தது. 2012இல் வெளியான விண்டோஸ் 8, அப்பொத்தானைப் பணிப்பட்டையிலிருந்து நீக்கியது. பயனர் பலர் குறைகூறினர். அடுத்த ஆண்டு வந்த 8.1 பதிப்பில் பொத்தான் மீண்டும் இடம்பெற்றது.

லினக்ஸ் உலகிலும் இத்தகைய விவாதங்கள் நிகழ்ந்தன. 2011இல் வெளிவந்த நோம் 3 என்னும் திரைமுகப்பு, சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானை இயல்பிருப்பில் காட்டாது விட்டது. 2017இல் வந்த அதன் 3.26 பதிப்பு, செயலிகளின் நிலையை உணர்த்திய பழைய பணிக்குறிகளுக்கான இடத்தையும் நீக்கியது. அதே ஆண்டில் நோமை ஏற்றுக்கொண்ட உபுண்டு 17.10, அப்பணிக்குறிகளைக் காட்டும் நீட்டிப்பைத் தானே சேர்த்து வழங்கியது.

நீக்க வேண்டும் என்போர், குறிகள் மிகுந்தால் கவனம் சிதறும் என்றும், ஒவ்வொரு செயலியும் தனக்கென ஓரிடம் கேட்டால் பட்டை சந்தைக்கடையாகிவிடும் என்றும் கூறுகின்றனர். வேண்டும் என்போர், கண்ணுக்குத் தெரியாத வசதி இல்லாத வசதிக்கு ஒப்பாகும் என்கின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், அனுபவம் மிக்கவர் மறைந்திருப்பதைத் தேடிக் கண்டறிவார். புதிதாகப் பயில்பவருக்கோ கண்முன் இருப்பதே வழிகாட்டி.

மறைந்திருக்கும் விசைப்பலகை

இவ்விவாதம் தமிழரை நேரடியாகத் தொடும் இடம் விசைப்பலகைக் குறியாகும். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்த இவ்விசைப்பலகை, இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைக்கிறது. தனி மென்பொருள் ஏதும் வாங்க வேண்டியதில்லை.

ஆயினும், ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளீட்டு மொழிகளைச் சேர்த்த பின்னரே மொழிமாற்றக் குறி பட்டையில் தோன்றுவது விண்டோஸ், நோம் ஆகியவற்றின் வழக்கம். ஆங்கிலம் மட்டும் அமைந்த கணினியில் அக்குறி இராது. குறி இல்லாமையால் தமிழில் எழுத இயலும் என்பதை மாணவர் அறியார். அறியாமையால் தமிழைச் சேர்க்கார். சேர்க்காமையால் குறியும் தோன்றாது. வீட்டைக் கண்டுபிடித்த பிறகே வாசலில் பெயர்ப்பலகை மாட்டப்படும் என்பது போன்ற நிலை இது. விளைவாக, தாய்மொழியில் கட்டுரை வரையும் ஆற்றலுடைய மாணவரும் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்யப் பழகிவிடுகின்றனர்.

தீர்வு

இதற்குப் பட்டையின் விதியை மாற்ற வேண்டியதில்லை. கணினியை வழங்குவோர் தமிழ் விசைப்பலகையை முன்கூட்டியே சேர்த்து வைத்தால் போதும். குறி தானாகவே தோன்றும். 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் போன்ற பொதுத்திட்டங்களில் இதனைச் செய்வது எளிது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களில், பட்டையின் அமைப்பையே தேவைக்கேற்ப மாற்றி வழங்கவும் இயலும்.

மாணவரும் காத்திருக்க வேண்டியதில்லை. அமைப்புகள் பகுதியில் மொழி அல்லது விசைப்பலகை என்னும் பிரிவைத் திறந்து தமிழைச் சேர்த்தல் சில மணித்துளிகளில் முடியும் பணி. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒருவர் அதனைச் செய்துவைத்தால், அடுத்து அக்கணினியின் முன் அமர்பவர் தமிழைத் தேட வேண்டியிராது. அது பட்டையிலேயே தெரியும்.