கார்டு வாங்கும் முன் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பாருங்க!



தையல், மாவு மில், கறவை மாடு என்று தொழில் செய்து வந்த நம்ம குழுப் பெண்கள் இப்போது கம்ப்யூட்டர் தொழிலுக்கும் வந்திருக்கிறார்கள். ஜெராக்ஸ், பத்திரிகை டிசைன், விசேஷ வீட்டு வீடியோ எடிட்டிங் என்று நடக்கிறது. மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, மடியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிற நாம, கம்ப்யூட்டருக்கு ஒரு பாகம் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் சொன்னதை அப்படியே கேட்டுக்கிட்டு வந்துடறோம். அதனால் ஒரு குழுவுக்கு வந்த சிக்கலையும் அது தீர்ந்த விதத்தையும் இந்த இதழில் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

ஒரு குழுவில் உறுப்பினர் ஒருவர் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினார். அவருடைய மகள் டிப்ளமோ படித்தவர். வீட்டுத் திண்ணையை அறையாக்கி, போட்டோ, வீடியோ வேலை செய்து வருகிறார். அவர்களிடம் இருப்பது 2012-ல் வாங்கிய பழைய கம்ப்யூட்டர். கல்யாண வீடியோவை எடிட் செய்யும்போது படம் விட்டு விட்டு ஓடியது. "கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்று டவுன் கடையில் சொன்னார்கள். கடன் பணத்தில் கார்டு வாங்கிப் போட்டாச்சு.

பத்திரிகை டிசைன் செய்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் வீடியோவை எடிட் செய்து முடித்துக் கடைசியாக ஃபைலாக மாற்றும்போது சிஸ்டம் பட்டென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடியும் அதே கதை. கடையில் கேட்டால், "கார்டு நல்லாத்தான் இருக்கு, உங்க ஊரு கரண்ட்தான் சரியில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். சொன்ன தேதிக்கு வீடியோ கொடுக்க முடியாமல் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் கைவிட்டுப் போனது. இரண்டு மாதத் தவணை நின்றது. குழுக் கூட்டத்தில் "தெரியாத தொழிலுக்கு ஏன் கடன் கொடுத்தீங்க?" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்த அக்கா மூணாவது கூட்டத்துக்கு வரவே இல்லை.

பிறகு ஒரு மெக்கானிக் தம்பியை அழைத்துக்கொண்டு போய், பெட்டியைத் திறந்து பார்த்தோம். தப்பு அந்த அக்கா மேலேயும் இல்லை, கார்டு மேலேயும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். மேல் இருந்தது.

எஸ்.எம்.பி.எஸ். என்றால் என்ன?

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் கரண்ட் வயர் சொருகுகிற இடத்தில், சின்ன ஃபேனோடு ஒரு இரும்பு டப்பா இருக்கும். அதுதான் எஸ்.எம்.பி.எஸ். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் கரண்டை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று குறைத்து உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் படம் வரவழைக்கும் வேலையை எடுத்துச் செய்கிற பாகம். சும்மா இருக்கும்போது கொஞ்சமாகத்தான் கரண்ட் எடுக்கும். வீடியோ வேலை கொடுத்தால் பல மடங்கு எடுக்கும். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்த நேரத்தில் கிரைண்டரையும் மிக்ஸியையும் சேர்த்துப் போட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றுது இல்லையா? அதே மாதிரிதான். எஸ்.எம்.பி.எஸ். தாங்க முடியாத அளவு சுமை வந்தால் தன்னையும் மற்ற பாகங்களையும் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய விஷயம் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் +12V என்ற வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ் வரும்.

அந்த அக்கா வீட்டு ஸ்டிக்கரில் மேலே பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருந்தது. கீழே 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர்தான். 12 x 14 = 168 வாட்ஸ். இனி செலவுப் பக்கம்:

பிராசசர் - 95 வாட்ஸ்
கிராபிக்ஸ் கார்டு - 75 வாட்ஸ்
ஹார்ட் டிஸ்க், ஃபேன் - சுமார் 20 வாட்ஸ்
மொத்தம் - 190 வாட்ஸ்

வரவு 168, செலவு 190! இந்தப் பாகங்கள் பெரும்பாலும் 12 வோல்ட் லைனில் இருந்துதான் கரண்ட் எடுக்கும். பெரிய எழுத்தில் போட்ட 450-ஐ நம்பிப் பயன் இல்லை. அதோடு பத்து வருஷம் தூசியிலும் சூட்டிலும் உழைத்த எஸ்.எம்.பி.எஸ். புதிதில் கொடுத்த அளவுகூட இப்போது கொடுக்காது. வரவு எப்போதும் செலவைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கணும். வீட்டுக்கும் அதுதான், கம்ப்யூட்டருக்கும் அதுதான்.

12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தரும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைப் பில்லோடு வாங்கிப் பொருத்தினோம். அன்றைக்கே அரைகுறையாக நின்ற வீடியோ முழுசாக முடிந்தது. ஊர்க் கரண்டையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் கடைசி வரை கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. கார்டு நிஜமாகவே வேண்டுமா? குழுக் கணக்கு, டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் இதற்கெல்லாம் கம்ப்யூட்டரோடு வந்த வசதியே போதும். சிஸ்டம் மெதுவாக இருந்தால் ராம் கூட்டினாலோ, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டாலோ பலன் தெரியும். வீடியோ, பெரிய டிசைன் வேலைக்குத்தான் கார்டு.

2. மதர்போர்டில் அதற்கான இடம் இருக்கா? இப்போதைய கார்டுகளுக்கு பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற நீள ஸ்லாட் வேண்டும். மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஏ.ஜி.பி. ஸ்லாட்டில் இது பொருந்தாது.

3. தனி வயர் கேட்கிறதா? அந்த ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் கிடைக்கும். அதற்கு மேல் எடுக்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியாகக் கொடுக்கணும். பழைய கம்ப்யூட்டருக்கு, தனி வயர் கேட்காத கார்டே நல்லது.

4. பெட்டிக்குள் அடங்குமா? ஸ்கேல் வைத்து நீளம், உயரம் அளந்துகொள்ளுங்க. ஒல்லியான பெட்டிக்குக் குட்டைக் கார்டு தனியாக இருக்கு. சில கம்பெனி கம்ப்யூட்டர்களில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிவமும் வயரும் வேறு மாதிரி இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரணமானது பொருந்தாது. பழையதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்க.

5. மானிட்டர் வயர் சேருமா? பழைய மானிட்டரின் நீல முனை வயருக்குப் பல புதிய கார்டுகளில் இடம் கிடையாது. மாற்றிக் கொடுக்கும் அடாப்டர் தனிச் செலவு.

6. இத்தனை செலவு தகுமா? விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் பொதுவாக நிறுத்தப்பட்டது. பழைய கம்ப்யூட்டர் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., ராம் எல்லாம் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையில் இன்னும் புதிய கம்ப்யூட்டரே கிடைக்கும் என்றால் பழையதில் பணத்தைப் போடாதீங்க.

பொருத்தும்போது கவனம்

முதலில் குழுக் கணக்கையும் வாடிக்கையாளர் ஃபைல்களையும் பென் டிரைவில் ஏற்றி வையுங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்கணும். பிடுங்கிய பின் ஆன் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிங்க. பாகங்களைத் தொடும் முன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்க. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

கார்டு போட்ட பிறகு மானிட்டர் வயரைக் கார்டில்தான் சொருகணும். பழைய இடத்திலேயே சொருகிவிட்டு "படம் வரல" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மூணு பின் பிளக்கும் சரியான எர்த்தும் கட்டாயம்.

குழுவுக்கு ஒரு வார்த்தை

இரண்டு கடையில் எழுத்து மூலம் கோட்டேஷன் வாங்குங்க. "இந்தக் கார்டை எங்க எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா?" என்று கேட்டு, கடைக்காரரைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்க. வாரண்டி எத்தனை வருஷம், சரிப்படாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் கேளுங்க. பில்லின் நகலைத் தீர்மான நோட்டோடு சேர்த்து வையுங்க.

இன்னொன்று. தவணை நின்றதும் "ஏன் கட்டல?" என்று கேட்பது நியாயம்தான். அதோடு "என்ன ஆச்சு?" என்றும் கேட்டிருந்தால் அந்த அக்கா கூட்டத்துக்கு வராமல் இருந்திருக்க மாட்டார். இப்போது அவர் மறுபடியும் கூட்டத்துக்கு வருகிறார். விட்டுப்போன இரண்டு தவணையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். கார்டு வாங்கப் போகிறவர்கள் இப்போது முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். "ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு எதிர்ல என்ன போட்டிருக்கு, பாத்தியா?" என்பதுதான் அவர் கேட்கிற முதல் கேள்வி.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து ஒரு முறை பெருக்கிப் பாருங்கள்!