பாதி வேலையில் முடங்கும் முதல்

பெரியாறு அணைக்கு 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் முடித்தார்கள். நடுக்காடு, காட்டாற்று வெள்ளம், மலேரியா. எத்தனையோ தொழிலாளர்கள் அங்கேயே மாண்டார்கள். அந்த உயிர்ப்பலியை யாரும் திரும்பக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் எட்டு ஆண்டுகளில் தண்ணீர் கிழக்கே திரும்பியது.

மதுரை–போடி ரயில் பாதையோ 1928-லேயே போட்டது. அதை அகலப்பாதையாக்க 2010 டிசம்பர் கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம்; போடிக்கு 2023 ஜூன். மொத்தமே 90 கிலோமீட்டர்தான். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை உடைக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் பாறையைவிடப் பெரிய தடை, பட்ஜெட்டுக்கு பட்ஜெட் நிதியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்ததுதான். மதுரையிலிருந்து தேனி வரைக்குமே செலவு 500 கோடி ரூபாயைத் தாண்டியது.

நாட்டில் முதலீட்டுக்குப் பணம் இல்லையா? வளரும் நாடு சேமிப்பை வருமானத்தில் 4, 5 சதவீதத்திலிருந்து 12, 15 சதவீதத்துக்கு உயர்த்துவதே வளர்ச்சியின் மையப் பிரச்சினை என்று 1954-ல் எழுதினார் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ். இந்தியா அந்தக் கோட்டை எப்போதோ கடந்துவிட்டது. இன்று உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் நிலையான மூலதனமாகிறது. மத்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது மட்டும் 11.21 லட்சம் கோடி ரூபாய். நல்ல செய்திதான். ஆனால் ஜல்லி கொட்டிய வருடமே அது முதலீடாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. ரயில் ஓடியதா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயி கேட்பார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போடுவதற்கே பெரும் தொகை போய்விடும். கொடி காய்ப்புக்கு வரும்வரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பாதிப் பந்தலோடு நிறுத்திவிட்டு அடுத்த வருடம் பார்ப்போம் என்றிருக்க அவரால் முடியாது. அரசால் முடிகிறது. ரயில் இல்லாத அந்தப் பதினோரு, பன்னிரண்டு வருடமும் போடி ஏலக்காய்க்கும் ஊர் போகும் ஜனங்களுக்கும் லாரியும் பஸ்ஸும்தான் கதி. அதன் செலவு எந்த முதலீட்டுப் புள்ளிவிவரத்திலும் இல்லை.

போடியோடு தண்டவாளம் நின்றுவிடுகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எதற்கும் ரயில் கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரை பாதை வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை. அது ஏற்கப்படும் நாளில், அடிக்கல்லோடு சேர்த்து முழுத் தொகையையும் முடிக்கும் தேதியையும் எழுதித் தர வேண்டும்.