பெயர் மாற்றமும் கலைவாழ்வும்: ஹொகுசாயை முன்வைத்து

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் (1760–1849) தம் வாழ்நாளில் ஏறத்தாழ 30 பெயர்களைக் கையாண்டார். இதனை அவருடைய விசித்திர இயல்பாகக் கருதுவோர் உளர். எனினும், எதோ நகரத்து ஓவியத் தொழிலின் அமைப்போடு இணைத்து நோக்கின், அப்பெயர்கள் அவர்தம் கலைவாழ்வின் படிநிலைகளைக் காட்டும் சான்றுகளாகின்றன.

கட்சுகாவா ஷுன்ஷோவிடம் பயின்ற காலத்தில், ஆசிரியர் பெயரின் முதற்பகுதியை ஏற்று ‘ஷுன்ரோ’ எனப்பட்டார். இங்குப் பெயர் என்பது மரபுரிமையின் அடையாளம். ஆசிரியர் மறைவுக்குப்பின் அப்பட்டறையினின்று விலகி, தவராயா மரபுக்குரிய ‘சோரி’ என்னும் பெயரைத் தாங்கினார். 1798இல் அதனை மாணவர் ஒருவருக்கு அளித்துவிட்டு, எம்மரபையும் சாராத ‘ஹொகுசாய்’ ஆனார். 1820இல் ‘இயிட்சு’ என்னும் பெயரை ஏற்றார்.

அகவை 70ஐக் கடந்தபின், 1830களின் தொடக்கத்தில் வெளிவந்த ‘ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ வரிசையில், ‘முன்னாள் ஹொகுசாய், இயிட்சு வரைந்தது’ என்னும் பொருள்படும் கையொப்பம் பல படங்களில் உள்ளது. மரக்கட்டை அச்சுப்படம், வெளியீட்டாளரின் முதலீட்டில் ஓவியர், செதுக்குநர், அச்சிடுநர் ஆகியோர் கூடி உருவாக்கிய விற்பனைப் பொருளாகும். ஆதலின், வாங்குவோர் அறிந்த பழம்பெயரை முற்றிலும் கைவிட இயலவில்லை எனக் கருத இடமுண்டு.

கையொப்பம் ஓவியத்தின் காலத்தைக் கணிக்க உதவும்; ஆனால், அதுவே ஆசிரியரை உறுதிசெய்யாது. 1798க்குப் பிந்தைய ‘சோரி’ கையொப்பம் மாணவருக்குரியதாகலாம். எனவே, பெயரை ஆளோடு மட்டுமன்றிக் காலத்தோடும் பொருத்திக் காண்பதே ஓவியரின் வரலாற்றை எழுதுவோர்க்கு முதற்கடனாகும்.