பழைய ஒஸ்ரினும் இளம் சாரதியும்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடொன்றின் படலைக்கு முன்னால் இன்றைக்கும் ஒரு ஒஸ்ரின் கேம்பிறிஜோ மொறிஸ் மைனரோ பூமாலையோடு நிற்பதைக் காணலாம். கொழும்பில் அது வார விடுமுறைக் காட்சிப் பொருள். எங்களுக்கு அது ஹயர் ஓடிக் குடும்பத்தைக் காத்த வண்டி. பிரசவ வலி கண்டவளை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி. இங்கே இந்தக் கார்கள் தப்பியதற்கு முதற்காரணம் ரசனை அல்ல, வேறு கார் வர வழியில்லாமல் போனதுதான்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டன. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து ஆட்கள் போய் வந்தார்கள். கார் எப்படி வரும்? இருந்ததைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது, அதுவும் மண்ணெண்ணெயில். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால்தான் அந்த முதற்சொட்டுப் பெற்றோல். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த ஒஸ்ரின் ஏ-40 சோமசெற்றின் 1,200 சிசி இயந்திரத்துக்கு அழுத்த விகிதம் குறைவு. தரம் குறைந்த எரிபொருளையும் அது பொறுத்துக்கொண்டது. புதிய ஜப்பான் இயந்திரங்கள் அதே மண்ணெண்ணெயில் தட்டிச் சீக்கிரம் படுத்துவிடும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர ஒயிலை நீர்க்க வைப்பதால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். பிளக்கில் கரி பிடித்தபடியே இருக்கும். இத்தனையையும் சமாளித்தவர்கள் எங்கள் ஊர்க் கராஜ்காரர்கள். கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்தே போட்டார்கள். 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது நடக்க முடியாத கிழடுகளைச் சுமந்தவற்றில் இந்தக் கார்களும் இருந்தன. கராஜ்காரரின் இந்தக் கைத்திறனை யாரும் முறையாக எழுதி வைக்காதது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

2002இல் ஏ-9 பாதை திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. தெற்கிலிருந்து பழைய கார் வாங்குகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். இலக்கத்தகட்டில் ‘ஸ்ரீ’ எழுத்து வருவதற்கு முந்திய, ஆங்கில இரண்டெழுத்துத் தகடு உள்ள காருக்குத் தனி மதிப்பு. நல்லவை பலவும் போய்விட்டன. மிஞ்சியவற்றை இப்போது தேடித் திரிகிறவர்கள் இருபதைத் தாண்டிய பெடியள். பாட்டன் கொட்டிலில் பலகை மூடிக் கிடந்ததை இழுத்து வந்து, தகர வேலை செய்து, பெயின்ற் அடித்து, உழைப்பு முழுவதையும் அதில் போடுகிறார்கள்.

அங்கேதான் காப்புறுதி குறுக்கே வருகிறது. எங்கள் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. கட்டுப்பணம் குறைவு என்பதால் பெரும்பாலான பெடியள் அதோடு நின்றுவிடுகிறார்கள். அது அடிபட்ட மற்றவருக்கான பாதுகாப்பு. சொந்தக் கார் நொறுங்கினால் ஒரு சதமும் வராது.

முழுக் காப்புறுதி எடுத்தாலும் சிக்கல் தீராது. வழமையான ஒப்பந்தம் சந்தை மதிப்பைப் பார்க்கும், பாகத்துக்குத் தேய்மானம் கழிக்கும். எழுபது வயதுக் காரின் சந்தை மதிப்பு என்ன? இருபது லட்சம் பெறுமதியான காரைக் கட்டுப்பணத்துக்குப் பயந்து பத்து லட்சத்துக்குப் பதிந்தால், இரண்டு லட்சச் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் கணக்கிடுவார்கள். குறைத்துப் பதிந்த விகிதத்திலேயே நட்டஈடும் குறையும். நட்டஈடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் கழிவான நோ கிளெய்ம் போனஸும் இளம் சாரதிக்குச் சேர்ந்திராது. ஆகவே அனுபவஸ்தரை விட அவன்தான் கூடுதலாகக் கட்டுகிறான்.

லண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமை. அங்கே 17 வயதில் கார் ஓட்டலாம். ஆனால் மலிவான பாவித்த கார் ஒன்றின் விலையை விட அதன் முதல் வருடக் காப்புறுதி கூடுவது சாதாரணம். ஓட்டும் விதத்தைக் கண்காணிக்கும் கறுப்புப் பெட்டியைப் பூட்டித்தான் பலரும் தொகையைக் குறைக்கிறார்கள். எனினும் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பழைய காருக்கென்றே தனிக் காப்புறுதி இருக்கிறது: காரின் மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்வார்கள், வருடத்துக்கு இத்தனை மைல் என்று எல்லை வைப்பார்கள், கட்டுப்பணம் குறையும். பல நிறுவனங்கள் 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதை இலகுவில் கொடுப்பதில்லை என்பதுதான் குறை. இந்தியாவும் 2021இல் ஐம்பது வருடம் கடந்த வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 2022 விதிகளில் பழம்பெரும் கார்களின் மூன்றாம் தரப்புக் கட்டுப்பணத்தில் பாதியைக் கழித்தது.

காப்புறுதிக்காரரின் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. சோமசெற்றுக்கு நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். தொழிற்சாலையில் ஆசனப்பட்டியே பூட்டவில்லை. எங்கள் நாட்டில் முன் ஆசனத்துக்குப் பட்டி கட்டாயமாகியே 2011 முதல்தான். மழைநாளில் ஏ-9இல் பின்னால் சொகுசு பஸ் விரட்டும்போது அந்தக் காரை நிறுத்துவது லேசான வேலை இல்லை. புதிய சாரதிகளுக்கு விபத்து அதிகம் என்பதும் உலகமெங்கும் கண்ட உண்மை. ஆனாலும் தன் கையால் பிரேக் சிலிண்டரைக் கழற்றிப் பூட்டியவனும், தகப்பனின் ஜப்பான் காரைக் கடன் வாங்கிப் பறக்கிறவனும் ஒரே ஆபத்து என்று நான் ஒப்ப மாட்டேன். வருடத்தில் கோயில் திருவிழாவுக்கும் நாலு கலியாணத்துக்கும் மட்டும் வெளியே வருகிற காருக்குத் தினம் ஓடுகிற காரின் கணக்கைப் போடுவதும் சரியில்லை.

ஆகவே இலங்கைக் காப்புறுதி நிறுவனங்களிடமும், அவற்றை மேற்பார்க்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் கேட்பது இது: ஒத்துக்கொண்ட மதிப்பு, ஓட்டத்துக்கு எல்லை, வருடாந்தப் பிரேக் பரிசோதனை, இந்த மூன்றோடும் பழைய காருக்கென ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவாருங்கள், அதில் இளம் சாரதிக்கும் இடம் வையுங்கள். கார் வாங்கப் போகிற தம்பிமாரே, அதுவரை நீங்களும் சில காரியம் செய்யுங்கள். பெயின்ற் அடிக்க முன்னம் முன் ஆசனங்களுக்குப் பட்டி பூட்டுங்கள். செலவுப் பற்றுச்சீட்டுகளையும் படங்களையும் சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டாளரின் கடிதத்தைக் காப்புறுதிக் கோவையில் போடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் சாரதியின் வயது பற்றி எழுதியிருப்பதைக் கையெழுத்து வைக்க முன்னம் ஒருமுறை வாசியுங்கள்.