வலியை அளக்கும் கருவி எது?

"வலி எனக்கா, அந்த டாக்டருக்கா?"

சுந்தரபாண்டியத்தில் கைத்தறி நெய்யும் என் பெரியப்பா ஒரு நாள் இப்படிக் கேட்டுக்கொண்டே வீட்டிற்குள் நுழைந்தார். வயது 68. ஐம்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் உட்கார்ந்து மிதியை மிதித்த கால்கள் அவருடையவை. முழங்காலிலும் இடுப்பிலும் தீராத வலி. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. வலி மிகும்போதெல்லாம் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்வார். மறுநாள் தறியில் உட்கார்ந்துவிடுவார். அன்று, புதிதாக வந்திருந்த மருத்துவர் ஊசி போட மறுத்துவிட்டார். "இனி இந்த ஊசி வேண்டாம், ஐயா. உங்கள் சிறுநீரகத்துக்கு ஆகாது" என்றாராம். "சேலையை முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஊசி போடாவிட்டால் அவரா வந்து நெய்வார்?" என்பது பெரியப்பாவின் கோபம்.

மாணவர்களே, இருவரில் யார் சொல்வது சரி? தீர்ப்புச் சொல்வதற்கு முன், வலி என்றால் என்னவென்று பார்ப்போமா?

சுரீர், பிறகு விண் விண்

கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்கிறது. சற்றுப் பொறுத்து 'விண் விண்' என்று தெறிக்கிறது. ஏன் இந்த இரண்டு வலிகள்? செய்தியைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் இரு வகை. ஒரு வகையில் செய்தி விநாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மற்றொன்றில் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். பாதத்திலிருந்து தண்டுவடம் 1 மீட்டர் தொலைவு என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். முதற் செய்தி 0.07 விநாடியில் சேர்ந்துவிடும். இரண்டாவதற்கு ஒரு முழு விநாடி ஆகும்.

இடித்த இடத்தை உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? வலி சிறிது குறைகிறது. தண்டுவடத்தில் ஒரு 'கதவு' இருப்பதுபோல் நரம்புகள் வேலை செய்கின்றன. தொடு உணர்வின் செய்தி மிகுந்தால் அக்கதவு வலியின் செய்தியை ஓரளவு தடுத்துவிடுகிறது என்று மெல்சாக், வால் என்னும் இரு அறிவியலார் 1965இல் விளக்கினர். அச்சம், கவலை, தூக்கமின்மை ஆகியவையும் வலியைக் கூட்டக்கூடும். ஆகவே, ஒரே அளவு காயம் இருவருக்கு ஒரே அளவு வலியைத் தருவதில்லை.

சிக்கல் இங்கேதான்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி உண்டு. வலியை அளக்க அப்படியொரு கருவி இல்லை. "0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது, உங்கள் வலி எத்தனை?" என்று மருத்துவர் கேட்கிறார். சிறு குழந்தைகளுக்குச் சிரித்த முகம் முதல் அழுத முகம் வரை படங்களைக் காட்டுவார்கள். ஆனால் இது மீட்டர் கோல் போன்றதன்று. உங்கள் 8 என் 4ஐப்போல் இருமடங்கு என்று சொல்ல முடியாது. நேற்று 8 சொன்னவர் இன்று 5 சொன்னால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

வலி இருப்பவருக்கே அதன் அளவு தெரியும். மருந்தின் கெடுதலோ மருத்துவருக்குத் தெரியும். ஒருவர் அறிந்தது மற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிணக்கு பிறக்கும் இடம் இதுதான்.

மருத்துவர் ஏன் மறுத்தார்?

உடலில் அடிபட்ட இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகி வலியைக் கூட்டுகின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருள்கள் உண்டாவதைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். இதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். டைக்ளோஃபெனாக்கும் இவ்வாறே வேலை செய்கிறது.

ஆனால் அதே புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்திற்கு இரத்தம் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது. வலிக்காக அதைத் தடுத்தால் இந்த நன்மைகளும் தடைப்படும். முதுமையும் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு ஆபத்து அதிகம். 'மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கும், ஊசி கெடுக்காது' என்பதும் தவறு. எவ்வழியில் சென்றாலும் மருந்து இரத்தத்தில் கலந்தே வேலை செய்கிறது.

டைக்ளோஃபெனாக் கொடுக்கப்பட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இலட்சக்கணக்கில் மடிந்தன. 2004இல் இக்காரணம் தெரியவந்தது; 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. கழுகின் உடல் வேறு, மனித உடல் வேறு. எனினும் மருந்து எந்த உறுப்பைத் தாக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு பாடம்.

மறுப்பதும் தவறாகலாம்

அப்படியானால் மறுப்பதே எப்போதும் சரியா? இல்லை. புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின் சிறந்த மருந்து. ஜெர்மனியில் சர்ட்டர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நம் அடுக்களையில் இருக்கும் கசகசா அந்த அபின் செடியின் விதைதான்! மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அச்செடியைப் பயிரிடுகிறார்கள்.

செடி நம் நாட்டிலேயே விளைந்தும் மருந்து நோயாளிக்குக் கிட்டவில்லை. போதைக் கடத்தலைத் தடுக்க 1985இல் வந்த சட்டத்தின்கீழ் மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. பல மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 'பழக்கமாகிவிடும்' என்னும் அச்சத்தால் மருத்துவர்களும் எழுதித் தரத் தயங்கினர். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்பு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கி, கண்காணிப்போடு கொடுத்தால் மார்பினை வீட்டிலேயே பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினர். 2014இல் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் எளிதாயின.

அமெரிக்காவில் நேர்மாறாக நடந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து அபின் வகை மாத்திரைகளைச் சாதாரண வலிகளுக்கும் தாராளமாக எழுதித் தந்தார்கள். பல்லாயிரவர் அடிமையாகி உயிரிழந்தனர். ஆகவே, 'கேட்டதெல்லாம் கொடு' என்பதும் தவறு. 'எதையும் கொடாதே' என்பதும் தவறு.

பெரியப்பா என்ன செய்தார்?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி ஒரு நோட்டு எடுத்தாள். தினமும் காலையும் மாலையும் தாத்தாவின் வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். எத்தனை மணி நேரம் தறியில் உட்கார்ந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன மருந்து சாப்பிட்டார் என்றெல்லாம் எழுதினாள். இரண்டு வாரம் கழித்து நோட்டோடு மருத்துவரிடம் போனார்கள். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். "இடைவிடாமல் மூன்று மணி நேரம் மிதித்த நாள்களில்தான் வலி 8க்குப் போகிறது, பாருங்கள்" என்றார். அளவான பாரசிட்டமால், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது என்று முடிவாயிற்று. சிறுநீரகத்திற்கு இரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தார்.

வலி மறைந்துவிடவில்லை. இப்போது பெரும்பாலும் 4 அல்லது 5. ஒரு சேலை முடிய முன்னைவிட ஒரு நாள் கூடுதலாகிறது; அந்தக் கூலி இழப்பைப் பற்றி அவர் இன்றும் முணுமுணுக்கிறார். ஆனால் "வலி எனக்கா, டாக்டருக்கா?" என்று இப்போது கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ வலியால் வருந்தலாம். அடுத்த வீட்டார் மாத்திரையை வாங்கித் தராதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து, அவர்கள் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். வலியை அளக்கும் கருவி இன்றைக்கு அதுதான்.