அடுத்த அறைச் சத்தத்தைத் தடுக்கும் சுவர் எது?

மாணவர்களே, கரவனெல்லயைச் சூழவுள்ள இறப்பர்த் தோட்டங்களில் வாழும் உங்களுக்கு லயன் காம்பிராவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வானொலி பாடும். இந்தப் பக்கம் நீங்கள் கடந்தகால வினாத்தாள் செய்வீர்கள். மலையகத்தில் இந்திய உதவியுடன் 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட தனி வீடுகளின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடியாகும். இவ்வளவு சிறிய வீட்டில் உட்சுவரைச் சரியாகத் தெரிவு செய்யாவிட்டால், லயத்துச் சத்தம் புதிய வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். எனவே பின்வரும் விடயங்களைக் கவனியுங்கள்.

1. திணிவு

ஒலி ஓர் அதிர்வு. வளியின் அதிர்வு சுவரில் மோதும்போது சுவரும் சிறிது அதிர்ந்து, மறுபக்க வளியை அதிரச் செய்கிறது. பாரமான சுவர் குறைவாகவே அதிரும். 4½ அங்குலச் செங்கற் சுவரில் ஒரு சதுர மீற்றர் ஏறத்தாழ 200 கிலோகிராம். 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் அதே பரப்பு ஏறத்தாழ 7 கிலோகிராம் மட்டுமே. திணிவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் மறுபக்கம் செல்லும் ஒலி ஏறத்தாழ 5 முதல் 6 தெசிபெல் குறையும். எனவே பலகை மறைப்பு அறையைப் பிரிக்கும், சத்தத்தைப் பிரிக்காது.

2. பூச்சு

சீமெந்துக் கல்லில் நுண்துளைகள் உண்டு. பூசாமல் விட்டால் அவற்றினூடாக ஒலி கசியும். இருபக்கமும் சாந்து பூசினால் துளைகள் அடைபடுவதோடு திணிவும் கூடும்.

3. இடைவெளி

லயன்களில் பல சுவர்கள் கூரைவரை எழுவதில்லை. 100 சதுர அடிச் சுவரில் 1 சதுர அடி திறந்திருந்தால், நூறில் ஒரு பங்கு ஒலிச்சக்தி அவ்வழியே போய்விடும். அதாவது சுவர் எவ்வளவு பாரமானாலும் 20 தெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆகவே சுவரைக் கூரைவரை எழுப்பி, விளிம்பைச் சாந்தால் அடைக்க வேண்டும். காற்றோட்டத்துக்கு வெளிச்சுவரில் யன்னல் வைக்கலாம். கதவின் கீழ் இடைவெளியையும் மறவாதீர்கள்.

4. பொதுவான தவறு

முட்டை அட்டை, ரெஜிபோம் என்பவற்றைச் சுவரில் ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். இவை பாரமற்றவை; ஆதலால் ஒலியைத் தடுக்கமாட்டா. முட்டை அட்டை அறைக்குள் எதிரொலியைச் சிறிது குறைக்கலாம், அவ்வளவே. ஒலியை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. விடை எழுதும்போது இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பணம் போதாதவிடத்து எல்லாச் சுவர்களையும் ஒரே தரத்தில் கட்ட வேண்டியதில்லை. தொலைக்காட்சி உள்ள அறைக்கும் படிக்கும் அறைக்கும் இடைப்பட்ட அந்த ஒரு சுவரையாவது செங்கல்லால் கூரைவரை கட்டும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். கட்டிய பின் சுவரை இடிப்பது கடினம்; கட்டுமுன் பேசுவது இலகு.

பயிற்சி வினா: உங்கள் வீட்டில் ஒலி கசியும் மூன்று இடங்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான தீர்வொன்றைக் காரணத்துடன் எழுதுக.